அத்தியாயம் 6: திரும்பத் திரும்ப வரும் விதிகளை எங்கே வைப்பது

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு விதிநூல் எழுதுகிறவர் எவரும் தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு மந்திரம் எதிராளியை முடக்குகிறது. பிணம் தின்னும் பேயின் நகக் கீறலும் முடக்குகிறது. புதையல் பெட்டியின் பூட்டில் ஒளித்துவைத்த நஞ்சு ஊசியும் முடக்குகிறது. முடங்கியவர் நகரலாமா, பேசலாமா, அவரை அடிப்பது எவ்வளவு எளிது என்பதை மூன்று இடத்திலும் எழுதுவதா? ஓரிடத்தில் எழுதிவிட்டு மற்ற இரண்டிலும் 'அங்கே காண்க' என்று விட்டுவிடுவதா? முதல் வழியில் நூல் பருத்துப்போகும்; மூன்று இடத்து வாசகமும் நாளடைவில் ஒன்றோடொன்று முரண்படும். இரண்டாவது வழியில் ஆட்டக்காரர் பக்கம் புரட்டிக்கொண்டே இருப்பார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று நினைப்பதுதான் தவறு என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு விதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் நூலில் ஓரிடத்துக்கு மட்டுமே இருக்க வேண்டும். அதே விதியை நினைவூட்டும் உரிமை, ஆட்டக்காரரின் கண் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் உண்டு. எது தீர்மானிக்கிறது, எது நினைவூட்டுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

விதி எழுதும் கலையில் இது பழைய கேள்விதான். நன்னூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது குன்றக் கூறலை முதலிலும், மிகைபடக் கூறலை அடுத்தும், கூறியது கூறலை மூன்றாவதாகவும் வைக்கிறது. அதே பாயிரம் தரும் 32 உத்திகளில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்ற இரண்டும் உண்டு. பின்னால் சொல்லப்போவதை இப்போதே சுட்டுவது ஒன்று, முன்னால் சொன்னதைச் சுட்டுவது மற்றொன்று. ஆனால் அந்த மரபில் இலக்கணம் கற்றவர் நூற்பாக்களை மனப்பாடமாக வைத்திருந்தார். அவருக்குச் சுட்டினால் போதும், விதி நினைவில் வந்து நிற்கும். விளையாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர் முந்நூறு பக்க நூலை மனப்பாடம் செய்துகொண்டு வரமாட்டார். வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. எனவே கூறியது கூறல் எப்போது குற்றம், எப்போது உதவி என்பதை இந்த வாசகரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நூல், மூன்று வாசிப்பு

விதிநூலை ஒரே ஆள் மூன்று விதமாக வாசிக்கிறார். வாங்கிய புதிதில், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வரிசையாக வாசிக்கிறார். ஆட்டத்தின் நடுவில், நான்கைந்து பேர் காத்திருக்க, ஒரே ஒரு விடைக்காகப் பக்கத்தைத் திறக்கிறார். தகராறு வந்துவிட்டால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து, விதி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கிறார். கற்பவருக்குக் காரணமும் எடுத்துக்காட்டும் வேண்டும். ஆடுபவருக்கு விடை மட்டும் போதும், ஆனால் அது கண் பட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். தகராறு தீர்ப்பவருக்கு விதியின் எல்லா ஓரங்களும் வேண்டும், அவை ஒரே இடத்தில் வேண்டும். 'எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வை' என்று சொல்பவர்கள் மூன்றாவது வாசிப்பை நினைத்துப் பேசுகிறார்கள். 'தேவைப்படும் இடத்திலெல்லாம் எழுது' என்பவர்கள் இரண்டாவது வாசிப்பை நினைத்துப் பேசுகிறார்கள். இருவர் சொல்வதும் சரி. பிழை எங்கே வருகிறது என்றால், ஒரே வாசகத்தைக் கொண்டு இரண்டு வேலையையும் முடிக்கப் பார்க்கும்போதுதான்.

சுட்டிக்கொண்டே போனால்

2003இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு மந்திரங்களை அகரவரிசையில் அடுக்கியது. உச்ச நிலை மந்திரமான ஷேப்சேஞ்சைத் திறந்தால், அது பாலிமார்ஃப் போலவே செயல்படும், இன்னின்ன மாற்றங்களோடு என்று தொடங்கும். பாலிமார்ஃபுக்குப் போனால், அது ஆல்டர் செல்ஃப் போலவே செயல்படும், இன்னின்ன மாற்றங்களோடு என்று சொல்லும். மூன்றும் மூன்று வேறு எழுத்தில் தொடங்குவதால் மூன்றும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். ஆட்டக்காரர் மூன்று பக்கத்தில் விரல் வைத்து, முதல் வாசகத்திலிருந்து இரண்டாவதின் விலக்கைக் கழித்து, அதிலிருந்து மூன்றாவதின் விலக்கையும் கழித்து, கடைசியில் தன் உருவம் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அச்சுத்தாள் மிச்சமானது உண்மை. அந்த மிச்சத்துக்கான விலையை ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு முறையும் கொடுத்தது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் இதே விதிகளிலிருந்து கிளைத்த விளையாட்டு. அது உருமாற்றத்துக்கான பொது விதிகளை மந்திர அத்தியாயத்தில் ஓரிடத்தில் திரட்டி, பாலிமார்ஃபைப் பல சிறு மந்திரங்களாகப் பிரித்தது. 'முந்தையதைப் போலவே' என்ற தொடர் அங்கேயும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் எல்லாக் கிளைக்கும் பொதுவான அடிமரம் எங்கே இருக்கிறது என்பது அதன் பிறகு தெளிவாக இருந்தது.

இன்னும் சின்ன உதாரணம் கூடுதல் பாடம் தரும். 1981ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் ஓகர் என்ற அரக்கனின் குறிப்பில் அதன் சேவிங் த்ரோ (தீங்கிலிருந்து தப்பப் போடும் பகடை), 'நான்காம் நிலைப் போர்வீரன்' என்ற அளவோடு நின்றுவிடும். எண் வேண்டுமென்றால் போர்வீரர் அட்டவணைக்குப் போக வேண்டும். அதே விதிகளைக் காவின் நார்மன் மறு அமைப்புச் செய்து 2019இல் கொண்டுவந்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ், ஓகரின் குறிப்பிலேயே 10, 11, 12, 13, 14 என்று ஐந்து எண்களையும் அச்சிடுகிறது. விதி ஒன்றும் மாறவில்லை. கூடியது ஐந்து எண்கள்தான். குறைந்தது, ஓகர் வரும் ஒவ்வொரு சண்டையிலும் ஒரு பக்கம் புரட்டல். குறுகிய விடையைச் சுட்டிவிட்டுப் போவதில் லாபமே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. சுட்டும் சொல்லும் விடையும் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் விடையையே எழுதிவிடுங்கள்.

எழுதிக்கொண்டே போனால்

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் எழுதிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் விதிநூல் மற்ற நூல்களிலிருந்து வேறுபடுகிறது. சமையல் நூலில் ஓரிடத்தில் 'பொன்னிறமாக' என்றும் இன்னோரிடத்தில் 'சிவக்க' என்றும் எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். விதிநூலில் சொல் மாறினால் விதி மாறியதாகவே பொருள். 2014ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, குறிப்பான விதி பொதுவான விதியை வெல்லும் என்பதை முன்னுரையிலேயே கொள்கையாக அறிவிக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகள் வெளிப்படையாகச் சொல்லாமலே இதைப் பின்பற்றுகின்றன. அந்தக் கொள்கைப்படி, பொது விதியில் 'நகரவோ பேசவோ முடியாது' என்று எழுதிவிட்டு, ஒரு பேயின் குறிப்பில் 'நகர முடியாது' என்று மட்டும் சுருக்கினால், அந்தப் பேயால் முடங்கியவர் பேசலாம் என்று வாதிட ஆட்டக்காரருக்கு நியாயம் இருக்கிறது. எழுதியவர் இடம் மிச்சம் பிடித்திருப்பார். வாசிப்பவர் அதை விலக்காக எடுத்துக்கொள்வார். தவறு வாசிப்பவரிடம் இல்லை.

திரும்ப எழுதுவதன் இன்னொரு விலை, கண் பழகிப்போவது. ஐந்தாம் பதிப்பில், பாதிக்கப்பட்டவர் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் மீண்டும் சேவிங் த்ரோ போடலாம், வென்றால் விளைவு முடியும் என்ற முழு வாக்கியம் அரக்கர் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு இதே வகை வேலையை அடைப்புக்குறிக்குள் இரண்டே சொல்லில் முடித்தது: 'சேவ் எண்ட்ஸ்'. நீண்ட வாக்கியம் புதியவருக்கு நல்லது. ஆனால் பத்தாவது முறை பார்க்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஏதோ ஒரு அரக்கனுக்கு மட்டும் வாக்கியம் சற்று மாறி, 'முறையின் தொடக்கத்திலும்' என்று இருந்தால் அதையும் சேர்த்துத் தாண்டிவிடும். ஒரே மாதிரி எழுதிய நூறு வாக்கியங்களுக்கு நடுவே உண்மையான விலக்கு ஒளிந்துகொள்கிறது.

நான்கு வழிகள்

இரண்டு பக்கத்து விலையையும் பார்த்தாயிற்று. இனி ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக வழி தேர்ந்தெடுக்கலாம். முதல் வழி, விதியைப் பொது விதியாக்கி மேலே ஏற்றிவிட்டு, கீழே ஒரு சொல்லால் அழைப்பது. நெருப்பு உருண்டை, மின்னல் கீற்று, பனிப்புயல் என்று சேதம் விளைக்கும் மந்திரங்கள் எத்தனையோ 'சேவிங் த்ரோவில் வென்றால் பாதிச் சேதம்' என்ற வரியைச் சுமக்கின்றன. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதை 'பேசிக் சேவ்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது: மிகப்பெரிய வெற்றிக்குச் சேதமே இல்லை, வெற்றிக்குப் பாதி, தோல்விக்கு முழுச் சேதம், மிகப்பெரிய தோல்விக்கு இரட்டிப்பு. நான்கு விளைவையும் ஒவ்வொரு மந்திரத்திலும் எழுதினால் நூல் தாங்காது. ஒருமுறை கற்றுவிட்டால் முதல் மாலையிலேயே மனத்தில் பதிந்துவிடும் அளவுக்கு இது அடிக்கடி வருகிறது. அடிக்கடி வருவதும், எப்போதும் ஒரே மாதிரி வருவதும்தான் இந்த வழிக்கான தகுதி.

இரண்டாவது வழி, பெயரிட்ட நிலைகளைத் தொகுத்து ஓரிடத்தில் வைப்பது. ஐந்தாம் பதிப்பு 15 நிலைகளைப் பின்னிணைப்பு ஒன்றில் திரட்டியது. 2024ஆம் ஆண்டு புதுப்பித்த நூல் இவற்றை மற்ற விதிச்சொற்களோடு சேர்த்து அகரவரிசை விதித்தொகுதியாக நூலின் கடைசியில் வைத்தது. இது தகராறு தீர்ப்பவருக்கு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் தனியாக நின்றால் போதாது. 2014 நூலில் ஹோல்ட் பெர்சன் மந்திரத்தைப் போடுங்கள்: மந்திரம் 'முடங்கினார்' என்று சொல்லும், முடக்கத்தைத் திறந்தால் 'செயலற்றவர், அந்த நிலையைக் காண்க' என்று சொல்லும், செயலற்ற நிலையைத் திறந்தால்தான் அவரால் எந்தச் செயலும் எதிர்வினையும் செய்ய முடியாது என்று தெரியும். அதோடு, ஐந்தடிக்குள் நின்று தாக்கினால் பட்ட அடி தானாகவே கிரிட்டிக்கல் ஆகும் என்ற முக்கியமான விதி முடக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கென விற்கும் மடிப்புத் திரைகளில் இந்த நிலைகள் திரும்ப அச்சாகி வருகின்றன. நூல் நிறைவு செய்யாத தேவை ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது வழி, நினைவூட்டல். இதை மிக ஒழுங்காகச் செய்தது அட்டை விளையாட்டான மேஜிக்: த கேதரிங். தாக்கும்போது அட்டையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டாத உயிரினங்கள் 1993 முதலே அதில் இருந்தன. அவற்றின் அட்டையில் அந்தப் பண்பு ஒரு வாக்கியமாக இருந்தது. 2004இல் அதற்கு 'விஜிலன்ஸ்' என்ற பெயர் கிடைத்தது. பெயர் தெரியாதவருக்காக, இடம் இருக்கும் அட்டைகளில் சாய்ந்த எழுத்தில் அடைப்புக்குறிக்குள் விளக்கம் வரும். அட்டையின் சாய்ந்த எழுத்து ஆட்டத்தில் எந்த விளைவும் இல்லாதது என்று விதித்தொகுப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே தீர்வில் புதியவருக்கு உதவியும், தகராறுக்கு இடமில்லாத தெளிவும் கிடைத்துவிட்டன. நான்காவது வழி, முழு வாசகத்தையும் பயன்படும் இடத்திலேயே வைப்பது. 2010இல் வந்த அபொகலிப்ஸ் வேர்ல்டு ஒவ்வொரு ஆட்டக்காரரின் தாளிலும் அவருக்குரிய நகர்வுகளை முழு வாசகத்தோடு அச்சிட்டுக் கொடுக்கிறது. பிற்பாடு அந்த வழியில் வந்த விளையாட்டுகள் பலவும் இதையே செய்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 2022இல் வெளியிட்ட அரக்கர் தொகுப்பில், மந்திரம் போடும் அரக்கர்களின் நீண்ட மந்திரப் பட்டியலைக் குறைத்து, சண்டையில் அவை உண்மையில் செய்வதைக் குறிப்பிலேயே விரித்து எழுதியது. ஒரே கையில், ஒரே தாளில், ஒரே ஆளுக்கு மட்டும் வேண்டிய விதிகளுக்கு இந்த வழி பொருந்தும்.

ஒரு சிலந்தி, மூன்று வாசகம்

குகைச் சிலந்தி ஒன்றின் வலை வீச்சை எடுத்துக்கொள்வோம். முதல் வாசகம்: 'வலை வீச்சு: 30 அடிக்குள் ஒருவர். பட்டால் அவர் பிணைக்கப்படுவார்.' சுருக்கம்தான், ஆனால் கேம் மாஸ்டர் உடனே பின்னிணைப்புக்கு ஓட வேண்டும். இரண்டாவது வாசகம்: 'பட்டவர் நகர முடியாது. அவரைத் தாக்குபவருக்குச் சாதகம். அவர் தாக்குவது பாதகம். விலகித் தப்பும் சேவிங் த்ரோவும் பாதகம். தம் முறையில் ஒரு செயலைச் செலவிட்டு வலிமைச் சோதனையில் 12 எடுத்தால் விடுபடலாம்.' விடை முழுதாக இருக்கிறது; ஆனால் இதில் எது எல்லாப் பிணைப்புக்கும் பொது, எது இந்தச் சிலந்திக்கு மட்டும் சொந்தம் என்று தெரியவில்லை. மூன்றாவது வாசகம்: 'பட்டால் அவர் பிணைக்கப்படுவார் (நகர முடியாது; தாக்குபவருக்குச் சாதகம்; தாம் தாக்குவது பாதகம்). விடுபட: ஒரு செயல், வலிமைச் சோதனை 12.' நிலையின் பெயர் தடித்த எழுத்தில், அதன் சுருக்கம் சிறிய எழுத்தில் அடைப்புக்குறிக்குள், சிலந்திக்கே உரியது அடைப்புக்குறிக்கு வெளியே. சேவிங் த்ரோ பற்றிய வரியை நினைவூட்டல் விட்டுவிட்டது, அது அரிதாகவே வேண்டியிருக்கும் என்பதால். நினைவூட்டல் விதியைக் குறைத்துச் சொல்லலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. குறைத்ததை விலக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி, 'அடைப்புக்குறிக்குள் இருப்பது நினைவூட்டல் மட்டுமே; முழு விதி பின்னிணைப்பில்' என்று நூலின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை அறிவித்துவிடுங்கள். மேலே சொன்ன 'பேசலாமா' தகராறு அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

மறுப்புகள்

நினைவூட்டல் பக்கம் தின்னும், அச்சுச் செலவு கூடும் என்பது முதல் மறுப்பு. உண்மைதான், அதனால்தான் எல்லாவற்றுக்கும் நினைவூட்டல் தர வேண்டியதில்லை. சண்டை நடுவே, பலர் காத்திருக்கும்போது தேவைப்படுவதற்கு மட்டும் கொடுங்கள். ஊருக்கு ஊர் பயணம், ஓய்வெடுத்துத் தேறுதல், பொருள் வாங்குதல் போன்றவற்றில் யாருக்கும் அவசரம் இல்லை. அங்கே பக்க எண்ணோடு சுட்டுவதே போதும். நூலை மெலிதாக்க வேண்டுமென்றால் முதலில் வெட்ட வேண்டியவை அந்த இடங்களிலுள்ள மறுபடிச் சொல்லல்கள்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: மின்நூலில் ஒவ்வொரு விதிச்சொல்லையும் தொட்டால் அதன் வாசகம் திறக்குமே, பிறகென்ன? எழுதுகிறவருக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. ஓரிடத்து வாசகத்தைத் திருத்தினால் எல்லா இடமும் திருந்தும். ஆனால் வாசிப்பவர் பக்கத்தில் சிக்கல் அப்படியே இருக்கிறது. தொட்டால் அவர் பேயின் பக்கத்தை விட்டு வெளியேறுகிறார், திரும்பி வர வேண்டும். மேசையைச் சுற்றி ஒரு நூலும் ஐந்து பேரும் இருக்கும்போது ஒருவர் மட்டும் திரையில் இரண்டு தாவல் தாவுவது, மற்ற நால்வரைக் காக்க வைப்பதில் பக்கம் புரட்டுவதற்குச் சமம்தான். அதோடு அரக்கர் குறிப்புகள் நூலை விட்டு வெளியே போகும். கேம் மாஸ்டர் ஒரு பக்கத்தை நகலெடுப்பார், சாகசக் கதை எழுதுபவர் தன் நூலில் அச்சிடுவார். தாளுக்கு வந்தபின் இணைப்பு வேலை செய்யாது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஐந்து சொல் வேலை செய்யும்.

மூன்றாவது மறுப்பு, விதிச்சொற்கள் கூடக்கூட நூல் சட்டப் புத்தகம்போல வறண்டுவிடும், கேம் மாஸ்டர் நியாயமாகத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது. கேம் மாஸ்டரின் நியாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதனால்தான் விதி எழுதுபவர் அந்த நியாயத்தை வீணாக்கக் கூடாது. கதையில் யாரும் எதிர்பாராத ஒன்றை ஆட்டக்காரர் செய்யும்போது கேம் மாஸ்டர் யோசிக்க வேண்டும். முடங்கியவர் பேசலாமா என்பதற்கு அவர் யோசிக்க வேண்டியிருந்தால், நூல் தன் வேலையை அவர் தலையில் சுமத்திவிட்டது என்று பொருள். வறட்சி பற்றிய கவலைக்கும் விடை இதே ஏற்பாட்டில் இருக்கிறது: கற்பிக்கும் அத்தியாயத்தில் கதையோடும் எடுத்துக்காட்டோடும் தாராளமாக எழுதுங்கள், கண்டிப்பான வாசகம் பின்னிணைப்பில் இருக்கட்டும். விதிச்சொற்களை மட்டும் இருபதுக்குள் அடக்கப் பாருங்கள். இரண்டு நிலைகளுக்கு ஒரே விளைவு என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு நிலைக்குள் இன்னொரு நிலையைச் செருகாதீர்கள். செருகத்தான் வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் நிலையின் விளைவையும் அங்கேயே விரித்து எழுதிவிடுங்கள். சங்கிலி இரண்டு கண்ணிக்கு மேல் நீள விடக் கூடாது.

அச்சுக்கு முன் இரண்டு சோதனை

முதல் சோதனை, தேடல். ஒவ்வொரு விதிச்சொல்லையும் கைப்பிரதி முழுவதும் தேடி, அது வரும் எல்லா இடத்தையும் ஒரு பட்டியலாக எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக 'தீர்மானிக்கிறது', 'நினைவூட்டுகிறது', 'சுட்டுகிறது' என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஒரே சொல்லுக்கு 'தீர்மானிக்கிறது' என்பது இரண்டு இடத்தில் வந்தால், ஒன்றை நீக்குங்கள் அல்லது நினைவூட்டலாகக் குறையுங்கள். நினைவூட்டல்களின் வாசகம் ஒன்றுக்கொன்று ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் அது வேண்டுமென்றே செய்த விலக்கா, கைதவறியதா என்று முடிவு செய்யுங்கள். விலக்கு என்றால் அதை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்து, விலக்கு என்று தெரியும்படி எழுதுங்கள். ஒரு விதிச்சொல் வேறெந்த இடத்திலும் இல்லாமல் தன் விளக்கத்தில் மட்டுமே வந்தால், அந்தச் சொல்லே தேவையில்லை.

இரண்டாவது சோதனை, விரல். நூலைப் பார்த்திராத ஒருவரிடம் உங்கள் அரக்கர் ஒன்றின் பக்கத்தைக் கொடுத்து ஒரு சண்டையை முழுதாக நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். அவர் அந்தப் பக்கத்தை விட்டு எப்போதெல்லாம் வேறு பக்கத்துக்குப் போகிறார், என்ன தேடிப் போகிறார் என்பதை மட்டும் எழுதிவையுங்கள். ஒரே விடையைத் தேடி இரண்டாம் முறை போனால், அந்த விடை அரக்கனின் பக்கத்திலேயே இருக்க வேண்டியது, அடைப்புக்குறிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். போய்ப் பார்த்தபின் குழம்பி நின்றால், பின்னிணைப்பின் வாசகம் சரியில்லை. நினைவூட்டலைக் கூட்டி அதை மறைக்காமல் மூல வாசகத்தைத் திருத்துங்கள். நினைவூட்டல் ஒன்றை அவர் கடைசிவரை ஏறெடுத்தே பார்க்கவில்லையென்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு சோதனைகளும் முடிந்தபின் நூலில் மிஞ்சும் ஒவ்வொரு மறுபடிச் சொல்லலுக்கும், அது எந்த வாசகருக்கு, எந்த நேரத்தில் உதவுகிறது என்று உங்களால் காரணம் சொல்ல முடியும். அந்தக் காரணம் இருக்கும்வரை கூறியது கூறல் குற்றமாகாது.